கொலுசும் பனிமூட்டமும் மணப்பெண் முகமும்

சேலத்தில் ஸ்டுடியோ வைத்து 23 வருடம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, நகைக்கடை கேட்லாக், பள்ளி ஆண்டு விழா என்று எல்லாமே எடுத்தாயிற்று. படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் வாசல்படி ஏறும்போதே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்தக் கேமரா வாங்கலாம்?" நான் பதிலுக்கு, "நீ எடுத்ததுல கெட்டுப்போன படம் பத்து காட்டு தம்பி" என்பேன். யாரிடமும் இருக்காது. "அதெல்லாம் அப்பவே டெலிட் பண்ணிட்டேண்ணா" என்பார்கள்.

எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். நல்லா வந்த படம் ஏன் நல்லா வந்தது என்று பல நேரம் நமக்கே தெரியாது. கெட்டுப்போன படத்தில் காரணம் பெரும்பாலும் எழுதியே இருக்கும். நிஜமாகவே எழுதியிருக்கும்: ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் வாய் திறந்திருக்கும் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற எண்) எல்லாவற்றையும் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்து வைக்கிறது. போனில் எடுத்த படத்திலும் உண்டு.

ஒரு தம்பி, படம் ஷார்ப்பாக வரவில்லை என்று தவணையில் புது லென்ஸ் வாங்கக் கிளம்பினான். போகும் முன் அவன் அழிக்க மறந்திருந்த ஒரு ரிசப்ஷன் படங்களைக் கணினியில் திறந்து உட்கார்ந்தோம். மங்கிப்போன படங்களில் பாதிக்கு மேல் 1/30, 1/40 நொடியில் எடுத்தவை. கையில் இருந்தது 85 எம்எம் லென்ஸ். கையில் பிடித்து எடுப்பதென்றால் லென்ஸின் எண்ணுக்குக் குறையாமல் ஷட்டர் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு; 85க்கு 1/100 என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் நடமாடும் இடத்தில் 1/200க்குக் கீழே இறங்கவே கூடாது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாக வரும் என்று பயந்து பையன் ஷட்டரைக் குறைத்திருக்கிறான். புள்ளி புள்ளியாக வந்த படத்தை ஓரளவு தேற்றிவிடலாம். ஷேக் ஆன படத்தை யாராலும் தேற்ற முடியாது. லென்ஸ் வாங்கவில்லை, தவணையும் மிச்சம்.

இது சீக்கிரம் பிடிபடுகிற தவறு. பல வருடம் எடுத்தவர்களும் செய்கிற வேறொரு தவறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் படம் எடுக்கப் போனேன். முதலில் கறுப்பு வெல்வெட் துணியில் கொலுசை வைத்து, கேமராவை ஆட்டோவில் விட்டு எடுத்தேன். வெல்வெட் சாம்பல் நிறத்தில் வந்தது. கொலுசு வெளுத்துப்போய், முத்து எது, சலங்கை எது என்றே தெரியவில்லை. சரியென்று வெள்ளைத் துணிக்கு மாற்றினேன். இப்போது துணி துவைக்காத வேட்டி மாதிரி ஆனது, வெள்ளி ஈயம் மாதிரி ஆனது. அதே கொலுசு, அதே ஜன்னல், அதே கேமரா.

காரணம் எளிது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதிரில் இருப்பது கொலுசா, வேட்டியா, எருமையா என்று தெரியாது. பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் கீழே இழுத்துச் சாம்பலாக்கும், கறுப்பைக் காட்டினால் மேலே தூக்கிச் சாம்பலாக்கும். இப்போதைய போன்களும் புதுக் கேமராக்களும் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் அடிப்படை இதேதான்.

ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956ல் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் லைட் மீட்டரை நடிகரின் முகத்தருகே பிடித்து, முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை அளப்பார்கள். விழுகிற வெளிச்சத்தை அளந்தால், போட்டிருக்கும் சட்டை வெள்ளையா கறுப்பா என்பது கணக்கைக் கெடுக்காது. நம் கேமரா திரும்பி வருவதை அளப்பதால்தான் ஏமாறுகிறது.

அதற்காகத்தான் கேமராவில் பிளஸ், மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் அதைத் தொட்டதே இல்லை. படம் முழுக்க வெள்ளை என்றால் பிளஸ் ஒன்றில் தொடங்குங்கள், கறுப்பு நிறைந்திருந்தால் மைனஸ் ஒன்றில். பல போன்களில் திரையைத் தொட்டால் ஒரு சூரியன் படம் வரும், அதை இழுத்தால் அதே வேலைதான். அன்றைக்கு வெள்ளைத் துணியில் பிளஸ் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வைத்ததும் வெள்ளி வெள்ளியானது.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. வெள்ளி ஒரு கண்ணாடி. கொலுசின் ஒவ்வொரு முத்திலும் மேலே எரிகிற டியூப்லைட் கோடாகத் தெரிந்தது. என் சிவப்புச் சட்டையும் தெரிந்தது. ஜன்னல் பக்கம் டிரேசிங் பேப்பரைத் திரை மாதிரி கட்டினேன். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் நிறுத்தினேன். டியூப்லைட்டை அணைத்தேன். எல்லாம் வெள்ளையானதும் கொலுசின் ஓரமே துணியோடு கரைந்துவிட்டது. ஒரு கறுப்பு சார்ட்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, படத்துக்குள் வராமல் பக்கத்தில் நிறுத்தினேன். அந்தக் கறுப்பு வெள்ளியில் பிரதிபலித்து ஒவ்வொரு முத்துக்கும் கோடு போட்ட மாதிரி விளிம்பு கொடுத்தது. திருகாணியின் மரை வரைக்கும் எண்ணலாம் போல வந்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இதுதாங்க நாங்க செஞ்சது" என்றார். அன்று முதல் நகை எடுக்கப் போனால் வெளிர் சாம்பல் சட்டைதான் போடுகிறேன்.

ஏற்காட்டிலும் இதே கதைதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மேகம் இறங்கியிருக்கும் நேரத்தில் படம் எடுத்தால், கண்ணுக்குப் பால் மாதிரி தெரிந்தது திரையில் சிமெண்ட் மாதிரி வருகிறது. பனிமூட்டமும் வெள்ளைதானே, கேமரா அதையும் இழுத்துவிடுகிறது. பிளஸ் ஒன்று வையுங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்த பிறகு காபிச் செடி பூக்கும். கிளை முழுக்க வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு இருக்கும் அந்தப் பூவையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். சில நாள்தான் நிற்கும், தவற விட்டால் அடுத்த வருடம்தான்.

பனிமூட்டத்தில் பக்கத்தில் கறுப்பாக ஏதாவது ஒன்று நின்றால்தான் மூட்டம் மூட்டமாகத் தெரியும். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரம் போதும், குடை பிடித்து நடக்கிற ஆள் இன்னும் நல்லது. ஆட்டோ போகஸ் வெறும் மூட்டத்தில் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அந்த மரத்தின் ஓரத்தில் போகஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏசி காரில் குளிர்ந்த கேமராவை ஈரக் காற்றில் திடீரென்று எடுத்தால் லென்ஸ் மேல் நீர் பூக்கும். வண்டி நின்றதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியே வைத்திருங்கள். ஊர் திரும்பியதும் ஈரப் பையிலேயே போட்டு மூடிவிடாதீர்கள், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும், பெரிய செலவில்லை.

இப்போது முகத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் நல்ல கருத்த நிறம், களையான முகம். அரக்குப் பட்டு கட்டியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையில். வெள்ளையைப் பார்த்ததும் மீட்டர் எல்லாவற்றையும் கீழே இழுத்தது. வேட்டி சாம்பலாக வந்தது, பெண்ணின் முகம் இருட்டில் போனது. எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. அப்புறம் கணினியில் முகத்தை மட்டும் தூக்கி, தூக்கியது போதாதென்று வெளுக்கவும் வைத்து ஆல்பம் போட்டேன். பெண்ணின் அம்மா ஒவ்வொரு பக்கமாக மெதுவாகத் திருப்பினார். கடைசியில், "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எம் பொண்ணத்தான் காணோம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த ஆல்பத்தைத் திரும்ப வாங்கி, முடிந்தவரை அவள் நிறத்துக்கே கொண்டுவந்து மறுபடி போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

தவறு நம் கையில் மட்டும் தொடங்கவில்லை. கலர் பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைத்தான் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று பெயர். அவர்கள் தோலுக்குச் சரியாக வந்தால் சரி என்பதே கணக்கு. நம் ஊரில் அதற்கு மேல் "கொஞ்சம் கலராக்கிடுங்க" என்ற வேண்டுகோளும் சேர்ந்துகொள்கிறது. யாராவது அப்படிக் கேட்டால் நான் மறுத்துப் பேசுவதில்லை. உள்ள நிறத்தில் ஒன்று, வெளுத்த நிறத்தில் ஒன்று, இரண்டு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுப்பேன். திரையில் பார்ப்பதை விடக் காகிதத்தில் பார்க்கும்போது வித்தியாசம் உறைக்கிறது. அனேகமாக உள்ள நிறத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். தம்பிகளே, யாரும் கேட்காமலே முகத்தை வெளுக்கிற பழக்கத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள். போனில் பியூட்டி மோடை அணைத்து வையுங்கள். பத்து வயதுப் பெண் பிள்ளை தன் படத்தைப் பார்த்து, நிஜத்தில் நான் இப்படி இல்லையே என்று நினைக்க நாம் காரணமாகக் கூடாது.

செய்முறை இதுதான். மீட்டரை ஸ்பாட்டில், அதாவது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற முறையில் வைத்து, முகத்தை மட்டும் அளங்கள். மாநிறம் என்றால் மீட்டர் சொல்வது ஏறத்தாழ சரியாக இருக்கும். நல்ல கருப்பு என்றால் மைனஸ் அரை, இல்லையென்றால் முகம் வெளிறும். வேட்டி விவரமே இல்லாமல் வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்) ஒரு பார்வை. ரா பார்மட்டில் (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்கும். அதைவிட முக்கியம், ஆளை வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துவது. கருத்த முகத்தின் அழகு கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழுகிற மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய, மெத்தென்ற வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால்தான் அது தெரியும். திண்ணை ஓரம், பந்தலின் விளிம்பு, பெரிய ஜன்னல் எதுவானாலும் சரி. பிளாஷை நேராக முகத்தில் அடித்தால் எண்ணெய் வழிகிற மாதிரிதான் வரும். கூரையில் அடித்து இறக்குங்கள். ஆனால் மண்டபத்துக் கூரை பச்சையா ரோஸா என்று முதலில் பாருங்கள், அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும்.

மேடையில் எல்இடி விளக்கு இருந்தால் வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100ல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேலே 1/200 என்று சொன்னேனே, இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆட்கள் அசையாத நொடியாகப் பார்த்து அமுக்குங்கள். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கெட்டிமேளம் கொட்டிய பிறகு சரிசெய்ய நேரம் இருக்காது.

வெளியே எடுப்பவர்களுக்கு ஒன்று. பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பி மூக்கனேரிக் கரைக்கு மெதுவாகப் போகாதீர்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகலில் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் ஆளை நிறுத்தினால் கண் இரண்டும் குழியாகத் தெரியும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலை விளிம்பில் சூரியன் சாய்வதை எடுக்கக் கம்பி வேலி தாண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சேலம் முழுக்க விளக்கு எரிவது தெரிகிறது. மலைக் கிராமத்துப் பாட்டியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு கறுப்புக் குடைத்துணி, உங்கள் அம்மாவின் முகம். துண்டையும் குடைத்துணியையும் தனித்தனியே, படம் முழுக்க நிறைகிற மாதிரி ஆட்டோவில் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் வந்து நிற்கும். பிளஸ், மைனஸ் பொத்தானைத் தொட்டு இரண்டையும் அதனதன் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அம்மாவை உட்கார வைத்து, அவர் கையைப் பிரிண்ட் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நிறம் ஒத்துப்போகும் வரை எடுங்கள். கெட்டுப்போனதை அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.