கொழும்பில் ஏறிய சரக்கெல்லாம் இலங்கைச் சரக்கு ஆகாது

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 1998 டிசம்பர் 28 அன்று பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டனர். 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும், சுங்க முகவரான என்னிடம் வரும் இறக்குமதியாளர்களில் பலர், சரக்கு கொழும்பில் கப்பல் ஏறிவிட்டால் வரி இல்லை என்று விலைக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டே வருகிறார்கள். நேரடியாக அனுப்பப்பட வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்றுதான். சரக்கு எங்கே விளைந்தது, எங்கே உருவானது என்பதே முதல் கேள்வி.

இலங்கையிலேயே விளைந்த பொருளுக்குச் சிக்கல் இல்லை. வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பொருளானால், அந்த மூலப்பொருளின் மதிப்பு, பொருளைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான எஃப்.ஓ.பி. விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீடும் மூலப்பொருளுக்கும் முடிந்த பொருளுக்கும் இடையே நான்கு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் சேர்ந்திருந்தால் ஒரு தளர்வு உண்டு: இரு நாடுகளின் பங்கும் சேர்ந்து 35 சதவீதம் இருந்து, அதில் இலங்கையின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். 100 டாலர் பொருளில் மூன்றாம் நாட்டுச் சரக்கு 60, இந்தியச் சரக்கு 12, இலங்கையில் சேர்ந்த மதிப்பு 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கணக்கை மட்டும் பார்த்தால் சலுகை கிடைக்காது. இந்தியப் பங்கையும் கூட்டினால் 40 ஆகிறது, சலுகை கிடைக்கும். இந்தக் கணக்கை விற்பவரிடம் கேட்டு வாங்கிய இறக்குமதியாளரைக் காண்பது அரிது.

சுங்க அதிகாரிகள் இதில் இவ்வளவு கெடுபிடி காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகமாகவும் இலங்கையில் குறைவாகவும் இருந்த காலத்தில், பாமாயிலை வனஸ்பதியாக்கி இங்கே வரிச் சலுகையில் அனுப்பும் ஆலைகள் அங்கே மளமளவென்று எழுந்தன; முதலீட்டாளர்களில் பலர் இந்தியர்களே. பழைய செம்பை இறக்குமதி செய்து உருக்கி அனுப்பும் தொழிலும் அவ்வாறே வளர்ந்தது. கழிவுச் செம்பின் விலையைக் குறைத்துக் காட்டி 35 சதவீதக் கணக்கை எட்டுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. வனஸ்பதிக்கோ ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்ற உச்சவரம்பு வந்தது. பிறகு மிளகு. இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை. எந்த ஒப்பந்தச் சலுகையும் இல்லாத மிளகுக்கோ 70 சதவீத வரி. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று நம் மிளகு விவசாயிகள் குரல் எழுப்பிய நிலையில், 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. வந்த மிளகைப் புடைத்து, சலித்து, வேறு சாக்கில் கட்டிவிட்டால் அது இலங்கை மிளகாகிவிடாது.

ஒப்பந்தச் சலுகை கேட்கும் சரக்கின் பிறப்பிடத்தைச் சரிபார்க்க 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டார் விதிகளும், சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவும் நிரூபிக்கும் பொறுப்பை இறக்குமதியாளரின் தலையில் வைத்துவிட்டன. இலங்கை வணிகத் திணைக்களம் தந்த சி.ஓ.ஓ. என்னும் பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பது இனிப் போதிய பதிலாகாது. பொருள் எப்படி உருவானது, மதிப்புக் கூட்டல் எவ்வளவு என்ற விவரங்களைப் படிவம் 1-இல் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரத்தைத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். சந்தேகம் எழுந்து விசாரணை இலங்கைக்குப் போனால், வரி வித்தியாசத்துக்கு ஈடான பிணையத்தைக் கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். 70 சதவீத வரிக்குரிய பொருளில் அந்தத் தொகை சிறு வணிகரின் முதலையே முடக்கிவிடும்.

சான்றிதழையும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். பொருளின் பெயர், எடை, இன்வாய்ஸ் எண் ஆகியவற்றுள் ஒன்றை அடித்துத் திருத்திவிட்டு, வழங்கிய அதிகாரியின் கையொப்பமோ முத்திரையோ அத்திருத்தத்துக்குப் பெறாமல் விட்டிருந்தால், விசாரணையே இல்லாமல் சலுகை மறுக்கப்படலாம். ஒரு உற்பத்தியாளரின் சரக்கு தகுதியற்றது என்று முடிவானால், அவரிடமிருந்து வரும் அதே வகைச் சரக்குக்கும் சலுகை நிறுத்தப்படலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இங்கிருந்து இலங்கைக்கு அனுப்புவோருக்கும் ஒரு சொல். அங்கே சுங்கவரி பூஜ்ஜியம் என்பதை மட்டும் நம்பி வாங்குபவரிடம் விலை பேசிவிடாதீர்கள். செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, அவற்றுக்கு மேல் வாட் என்று பல வரிகள் உண்டு. தங்கள் பொருளுக்கு எவை பொருந்தும் என்பதை வாங்குபவரே தம் சுங்க முகவரிடம் கேட்டுச் சொல்லட்டும். ஒப்பந்தம் தொடங்கியபோது இலங்கை 1,180 பொருட்களைச் சலுகைக்கு அப்பால் வைத்தது. இந்தியா விலக்கியது 429. பட்டியலைப் பார்க்காமல் விலைப்புள்ளி அனுப்புவது வீண் வேலை.

இறக்குமதி செய்வோர் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரிகளை எழுதிக்கொள்ளட்டும்: உற்பத்திச் செலவு விவரத்தை விற்பவர் தர வேண்டும், சலுகை மறுக்கப்பட்டால் வரி வித்தியாசத்தை அவரே ஏற்க வேண்டும். வணிக ரகசியம் என்று தயங்குபவரிடம், அந்த விவரத்தை நேரடியாக இலங்கை அதிகாரிகளிடம் தர எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளச் சொல்லலாம். அதற்கும் அவர் இசையாவிட்டால், முழு வரியைக் கட்டியும் லாபம் நிற்குமா என்று பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.