சர்க்கரைப் பாகும் ரப்பர்த் தேனும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் மாமா வீட்டுக்குத் தேன் வாங்க வருகிறவர்களில் பலர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். அதில் ஒரு சொட்டுத் தேனை விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் ஒரிஜினல், கலங்கினால் கலப்படம். சிலர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுவார்கள். மாமா எதையும் தடுப்பதில்லை. ஆனால் நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில்தான் போய் உட்காரும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ரப்பர்த் தேன் ஈரம் கூடியது, இளக்கமாக இருக்கும். அடையிலிருந்து நேராக எடுத்த சுத்தத் தேனே அந்த டம்ளரில் தோற்றுப்போகலாம்.

போன வருடம் நாகர்கோவிலில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்துக்கு இரண்டு பேரை எடுப்பதற்காக, வேலைத் தொடர்புக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நானும் அப்படி ஒரு டம்ளரை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்துவிட்டேன். அது எப்படி நடந்தது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டவை இவை.

குமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அந்த அளவுக்கு உள்ளூரில் வேலை இல்லை. பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அதற்கு வழி எழுத்துதான். 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன்னை 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. இன்று அதில் 100 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். இறுதியாண்டு வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே கணக்குத் தொடங்கிவிடுகிறார்கள்.

நான் படித்த பதிவுகளில் பெரும்பாலானவை ஒரே ஆள் எழுதியவை போல இருந்தன. முதலில் ஒரு தோல்வி, அதிலிருந்து ஒரு பாடம், பிறகு எண்ணிட்ட மூன்று குறிப்புகள், முடிவில் ‘உங்கள் கருத்து என்ன?’ என்று ஒரு கேள்வி. இத்தனை பேர் எப்படி ஒரே குரலில் பேசுகிறார்கள்?

பலர் பதிவைத் தாமே எழுதாமல், 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடி போன்றவற்றிடம் எழுதி வாங்குகிறார்கள். அவற்றின் அடியில் இருப்பது மொழி மாதிரி. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எது வரும் என்று கணிப்பதுதான் அதன் வேலை. ‘மழை விட்டதும் தேனீக்கள் பெட்டியை விட்டு’ என்று நான் நிறுத்தினால் உங்கள் மனதில் ‘வெளியே’ என்ற சொல் வந்து நிற்கிறதல்லவா? மாதிரியும் அப்படித்தான். தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் ஒரு நிகழ்தகவு போடுகிறது. ‘வெளியே’வுக்கு அதிகம், ‘பறந்து’வுக்குக் கொஞ்சம், ‘வழக்கறிஞர்’ என்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தக் கணக்குப்படி ஒன்றைக் குலுக்கி எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இப்படித் துண்டு துண்டாகத்தான் முழுப் பதிவும் வளர்கிறது.

மாதிரி இப்படிக் கணிக்கப் பழகிய பிறகு அதற்கு இன்னொரு பயிற்சி உண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது நல்லது என்று மனிதர்களைக் கேட்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கமாக மாதிரியைச் சாய்க்கிறார்கள். பலருக்கும் பொதுவாகப் பிடிப்பது எது? தெளிவாகப் பிரித்தது, பணிவானது, யாரையும் உறுத்தாதது. லட்சம் பேர் விருப்பத்தின் நடுவில் ஒரு பாதை விழுகிறது, எழுத்தெல்லாம் அந்தப் பாதைக்கே வந்து சேர்கிறது.

குரல் ஒன்றாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. ‘போன வாரம் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சொன்னார்’ என்று பதிவு ஆரம்பிக்கும். அந்த வாடிக்கையாளர் எங்கும் இல்லை. இந்த வகைப் பதிவுகள் அப்படி ஆரம்பிப்பது வழக்கம் என்பதால் மாதிரி அதைப் போட்டிருக்கிறது. கணக்கு நிஜம், படம் நிஜம், படித்த பட்டம் நிஜம். சொன்ன அனுபவம் மட்டும் நடக்கவே இல்லை.

இதைத் தேன் வளர்ப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் தேனீக்களுக்குத் தீனி கிடைக்காது. பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். தேனீ அந்தப் பாகையும் குடிக்கும். பூந்தேனுக்குச் செய்வதுபோலவே தன் நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை உடைக்கும், அறைகளில் நிரப்பும், சிறகால் விசிறி ஈரத்தை வற்றவைக்கும், மெழுகால் மூடும். பார்த்தால் அசல் தேனடை. செய்ததும் நிஜத் தேனீதான். ஆனால் அது எந்த மரத்துக்கும் போய் வரவில்லை. மாமா அந்த அடையில் கை வைக்கமாட்டார். “அது அதுகளுக்க சாப்பாடு மக்களே, விக்கதுக்கு உள்ளதில்ல” என்பார்.

எழுத்தை நாம் ஏன் இத்தனை காலம் நம்பினோம் என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில் சொன்னது இது: ஒரு அடையாளம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால், திறமை இல்லாதவருக்கு அதைப் பெறுவது திறமை உள்ளவரைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஒரு மென்பொருள் சிக்கலைத் தெளிவாக விளக்கி நானூறு சொல் எழுதுவது, அதைத் தீர்த்தவருக்கு ஒரு மாலை வேலை. தீர்க்காதவருக்கு ஏறக்குறைய முடியாத காரியம். நாம் நம்பியது சொல்லை அல்ல, அந்த வித்தியாசத்தை. இப்போது இருவருக்கும் அது பத்து நொடி வேலை. வித்தியாசம் போனதும் எழுத்து எதற்கும் சாட்சியாக நிற்பதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே பழைய கார் சந்தையை வைத்துக் காட்டினார். நல்லதையும் மோசமானதையும் பிரித்தறிய முடியாத சந்தையில் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் சொல்வார். அந்த விலை நல்ல பொருளுக்குக் கட்டாது. நல்ல பொருள் வைத்திருப்பவர் விலகுவார், சந்தையின் தரம் மேலும் இறங்கும், விலையும் இறங்கும். இந்த இருவரும் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸோடு 2001இல் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். பாகு விற்பவனின் விலைக்குத் தேன் விற்க முடியாமல் பெட்டிகளை விற்றுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். லிங்க்ட்இன்னிலும், உட்கார்ந்து யோசித்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் நம்புவதில்லை, எதற்கு எழுத வேண்டும் என்கிறார்கள்.

அப்படியானால் சோதித்துப் பிரிக்க முடியாதா? தேனில் அந்த முயற்சி எப்படிப் போனது என்று பாருங்கள். கார்பனில் எடை கூடிய ஒரு வகை உண்டு, கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துத் தாவரங்களை சி3, சி4 என்று பிரிப்பார்கள். ரப்பர், தென்னை, புளி போன்ற சி3 தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிடும். கரும்பும் மக்காச்சோளமும் சி4 வகை, அவை அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஆகவே தேனில் கார்பன்-13 கூடியிருந்தால் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். அருமையான சோதனை. ஆனால் நெல்லும் சி3தான். கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள், சோதனை கண்ணை மூடிக்கொண்டது. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், உள்நாட்டுச் சோதனைகளில் தேறிய தேன்கள் பல, ஜெர்மன் ஆய்வகத்தில், தேனின் மூலக்கூறுகளை ஆராயும் என்எம்ஆர் சோதனையில் தோற்றதாக அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. என்ன சோதனை என்பது தெரிந்துவிட்டால், அதில் தேறுவதற்கென்றே பாகு காய்ச்சுவார்கள்.

எழுத்தைச் சோதிக்கும் கருவிகளில் பல, ஒரு பகுதியை மொழி மாதிரியிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் அதற்கு எவ்வளவு வியப்பளிக்கிறது என்று அளக்கின்றன. எல்லாச் சொல்லும் எதிர்பார்த்தபடியே வந்தால் இயந்திரம், அங்கங்கே எதிர்பாராத சொல் வந்தால் மனிதர். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தைப் பள்ளியில் மட்டும் கற்றவர் எப்படி எழுதுவார்? தெரிந்த, பொதுவான, தவறு வராத சொற்களால்தானே? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான டோஃபெல் தேர்வுக்கு மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் ‘இயந்திரம்’ என்று முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. இன்னொன்றையும் செய்தார்கள். அதே டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னார்கள். இயந்திரம் கை வைத்த பிறகு ‘இயந்திரம்’ என்ற முத்திரை வெகுவாகக் குறைந்தது.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தைப் பிடிக்கும், மனித எழுத்தில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டும் என்று அவர்களே சொன்னார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 விண்ணப்பங்களில் 20 இயந்திரம் எழுதியவை, 80 தாமே எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். கருவி 20இல் 5ஐப் பிடிக்கும். 80இல் 7 பேரையும் பிடிக்கும். மாட்டிய 12 பேரில் 7 பேர் நிரபராதிகள். போதிய துல்லியம் இல்லையென்று ஆறே மாதத்தில், ஜூலையில், அந்தக் கருவியை எடுத்துவிட்டார்கள்.

மாதிரி எழுதும்போதே மறைவாகக் குறி வைத்துவிடும் வழியும் இருக்கிறது. முந்தைய சொல்லை வைத்து, அடுத்து வரக்கூடிய சொற்களை ஒரு ரகசியக் கணக்கால் பச்சை, சிவப்பு என்று பிரித்துவிடுவார்கள். மாதிரி பச்சைப் பக்கம் சற்றே சாயும். படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கணக்குத் தெரிந்தவர் பச்சைச் சொற்களை எண்ணினால், தற்செயலாக வரக்கூடியதைவிட மிக அதிகமாக இருக்கும். கூகுள் டீப்மைண்ட் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையை 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. தேனில் மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணி எந்த நாட்டுத் தேன் என்று சொல்வது போன்றது இது. மகரந்தத்தை மிக நுண்ணிய வடிகட்டியால் நீக்கிவிடலாம். எழுத்தை இன்னொரு மாதிரியிடம் கொடுத்து மாற்றி எழுதச் சொன்னால் குறியும் அப்படியே தேய்ந்துபோகும். ரப்பர்த் தேன் கதையோ தனி. அது பூவிலிருந்து வருவதே இல்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும் மாதங்களில், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் கசியும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. அசல் ரப்பர்த் தேன் என்று ரப்பர் மகரந்தத்தைக் காட்டி நிரூபிக்க வழியில்லை.

இனி அந்தப் பெண். குலசேகரம் பக்கம். அப்பாவின் ரப்பர்த் தோட்டக் கணக்குக்காகத் தானே எழுதிய ஒரு செயலியைப் பற்றி ஆங்கிலத்தில் பதிவு போட்டிருந்தாள். நேர்த்தியான, எளிய, பிசிறில்லாத பத்திகள். எனக்குச் சந்தேகம் வந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு சோதனைக் கருவியில் போட்டேன். இயந்திரம் என்றது. விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. ஒரு அழைப்பு, ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, அவளுக்குப் பாடம் எடுத்த என் நண்பர் வேறு பேச்சுக்கு நடுவே அவளைப் பற்றிச் சொன்னார். அந்தப் பதிவை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு எழுதினாளாம். அன்றைக்கே போன் செய்தேன். செயலியில் எது சரியாக வரவில்லை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். “ஒட்டுப்பால்தான் சார். ஈரத்தோட நிறுத்தா ஒரு எடை, காஞ்ச பிறகு ஒரு எடை. நான் ஈர எடையையே போட்டுட்டேன். கடையில குடுத்த ரூபாயும் என் கணக்கும் ரெண்டு மாசம் ஒத்தே வரல்ல. அப்பாதான் கண்டுபிடிச்சாங்க. பிறகு ரெண்டு எடைக்கும் தனித்தனியா இடம் போட்டேன்.” மரப்பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர்ப் பாலைத்தான் ஒட்டுப்பால் என்கிறார்கள்.

இது பதிவில் ஏன் இல்லை என்று கேட்டேன். முதலில் எழுதியிருந்தாளாம். ஒட்டுப்பால், ஈரம், அப்பா என்றெல்லாம் போட்டால் ப்ரொஃபஷனலாக இருக்காது என்று யாரோ சொன்னதால் எடுத்துவிட்டாள். நான் தேடிக்கொண்டிருந்த சாட்சியம் அந்த ஒரு பத்திதான். மொழி மாதிரியின் நிகழ்தகவு வரிசையில் எங்கோ அடியில் கிடக்கிற, அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் தெரிகிற விஷயம் அது.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றாள். அதற்குள் திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள்.

நாங்கள் இப்போது கருவியில் எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. பதிவை வைத்து ஆளை ஒதுக்குவதும் இல்லை, எடுப்பதும் இல்லை. பத்து நிமிடம் பேசி, செய்த வேலையில் எது தப்பாய்ப் போனது என்று கேட்கிறோம். நூறு பேர் விண்ணப்பித்தால் நூறு அழைப்பு. முன்பு எழுதுகிறவர் செலவழித்த நேரத்தை இப்போது கேட்கிறவர் செலவழிக்க வேண்டியிருக்கிறது. மூன்று பேர் உள்ள அலுவலகத்தில் அது கனமான செலவுதான்.

சென்ற மாதம் அவளுடைய புதிய பதிவு ஒன்று கண்ணில் பட்டது. ஒட்டுப்பால் கணக்கு இந்த முறை முழுதாக இருந்தது, அப்பாவின் நோட்டுப் புத்தகப் பக்கத்தின் படத்தோடு. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. கவனித்தாயா என்று செய்தி அனுப்பினேன். தெரிந்துதான் விட்டேன் சார், அப்போதுதான் நான் எழுதியது என்று நம்புகிறார்கள் என்று பதில் வந்தது.