அதே பெயரில் புது கேம் வரும்போது

சென்னையில் கேம் டிசைன் வேலையில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு பழைய சீரிஸின் அடுத்த பாகத்தை அலசச் சொன்னால், "ரசிகர்களுக்கு மாற்றம் பிடிக்காது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே பிள்ளை, "வருஷா வருஷம் ஒரே கேமைத்தான் விற்கிறாங்க" என்று இன்னொரு கம்பெனியைத் திட்டும். இரண்டு புகாரும் உண்மையானவைதான். பல நேரம் ஒரே ரசிகரிடமிருந்து வருபவையும்கூட.

பெரம்பூரில் 29சி ஏறுகிறவருக்கு பெசன்ட் நகர் போய்ச் சேர வேண்டும். வண்டி புதிதாக இருந்தால் சந்தோஷம்தான். அதே நம்பரைப் போட்டுக்கொண்டு வேறு எங்கோ போனால் கண்டக்டரோடு சண்டை வரும். ஒரு சீரிஸின் பெயரும் அப்படி ஒரு வாக்குறுதி. அது எந்த வாக்குறுதி என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேம் சீரிஸைப் பாருங்கள். 1996இல் வந்த முதல் பாகத்தில் கேமரா மூலையில் அசையாமல் நிற்கும். 2005இல் வந்த நான்காம் பாகம் அதைத் தூக்கிவிட்டு, கேமராவை ஹீரோவின் தோளுக்குப் பின்னால் வைத்தது. பெரிய மாற்றம். ஆனால் குறிபார்க்கும்போது நடக்க முடியாது என்ற பழைய விதி அப்படியே இருந்தது. எதிரி நெருங்குகிறான், நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று சுட வேண்டும். அந்தப் பதற்றம் போகவில்லை. 2012இல் வந்த ஆறாம் பாகத்தில் ஓட்டமும் வெடியும் அதிகம், பயம் குறைவு. திட்டு பலமாகவே விழுந்தது. 2017இல் ஏழாம் பாகம் வந்தபோது ஹீரோ புது ஆள், பார்வையும் அவன் கண் வழியாக. வெளியிலிருந்து பார்த்தால் அதுவரை வந்த முக்கியப் பாகங்களிலேயே அதுதான் அதிகம் மாறியது. ஆனால் பூட்டிய கதவுகள், சின்னப் பை, குறைவான தோட்டா, ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டு மூச்சுவிட ஒரு பாதுகாப்பான அறை (சேவ் ரூம்) எல்லாம் திரும்பி வந்தன. ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996இல் ஆடத் தொடங்கியவருக்கு அசையாத கேமராதான் ரெசிடென்ட் ஈவில். 2005இல் வந்து சேர்ந்தவருக்கு அது தோள் கேமரா. 'ஒரிஜினல் ஃபீல்' வேண்டும் என்று இருவரும் கேட்பார்கள், ஆனால் கேட்பது ஒன்றல்ல. ஃபீட்பேக்கைப் பிரிக்கும்போது, 'நீங்கள் எந்தப் பாகத்தில் தொடங்கினீர்கள்?' என்ற கேள்வியை முதலில் வைப்பது அதனால்தான்.

கோபம் எப்போது வந்தது என்பதும் முக்கியம். 2001இல் செல்டா என்ற சாகச கேம் சீரிஸின் புதிய பாகத்தை நின்டெண்டோ கம்பெனி கார்ட்டூன் தோற்றத்தில் காட்டியபோது பலர் கொதித்தார்கள். வின்ட் வேக்கர் என்ற பெயரில் வெளிவந்த அதே கேமை இன்று அந்தத் தோற்றத்துக்காகவே கொண்டாடுகிறார்கள். ட்ரெய்லரைப் பார்த்து வரும் கோபம் பெரும்பாலும் ஆறிவிடும். நிறைய ஆடிவிட்டு வரும் கோபம் ஆறாது. கொனாமி 2021இல் பெஸ் கால்பந்து சீரிஸை ஈஃபுட்பால் என்று மாற்றி இலவசமாக வெளியிட்டது. பல வருடங்களாக ஆடிவந்த மாஸ்டர் லீக் (ஒரு அணியை நாமே நடத்தி வளர்க்கும் பகுதி) அதில் இல்லை, பிழைகள் ஏராளம். கடைசியில் கம்பெனியே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பெயர் மாறியதைக்கூடப் பொறுத்திருப்பார்கள், கையில் இருந்ததைப் பிடுங்கியதுதான் ஆறவில்லை என்பது என் கணிப்பு.

சரி, வாக்குறுதியைக் கண்டுபிடிப்பது எப்படி? வெளியிடும் முன் ஆட்களை ஆடவைத்துப் பார்க்கும் பிளேடெஸ்டில் நான் விரலைத்தான் பார்ப்பேன். பழைய பாகத்தை ஆடிப் பழகிய பையன், ஒளிய வேண்டிய நேரத்தில் கட்டைவிரலைப் பழைய பட்டன் இருந்த இடத்துக்கே கொண்டுபோவான். அங்கே ஒன்றும் இருக்காது, செத்துப்போவான். "கன்ட்ரோல் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டால், "கன்ட்ரோல் ஓகே அண்ணா, கிராபிக்ஸ்தான் பழைய மாதிரி இல்ல" என்பான். கிராபிக்ஸை நாங்கள் தொட்டே இருக்க மாட்டோம்! ஏதோ உறுத்துகிறது என்பதில் அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எது உறுத்துகிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். அவன் சொன்னபடியே கிராபிக்ஸைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் வேலை வீண்.

நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இஏ ஸ்போர்ட்ஸ் 2006இல் வெளியிட்ட கிரிக்கெட் 07க்குப் பிறகு அந்த சீரிஸில் அடுத்த பாகமே வரவில்லை. ரசிகர்களே புது ஜெர்சி, புது வீரர்கள், ஐபிஎல் அணிகள் என்று பேட்ச் (கேமில் மாற்றம் சேர்க்கும் ஃபைல்) போட்டு அதை ஓட்டினார்கள். இவர்களுக்கா மாற்றம் பிடிக்காது?

விளையாடுகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 'கேமைக் கெடுத்துட்டாங்க' என்று மட்டும் எழுதினால் உங்கள் கோபம் புரியும், காரணம் புரியாது. எந்தப் பாகத்திலிருந்து ஆடுகிறீர்கள், எந்த இடத்தில் வெறுத்துப்போய் நிறுத்தினீர்கள், எந்த போனில் ஆடினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். மீட்டிங்கில் அப்படிப்பட்ட ரிவ்யூவைத்தான் திரையில் போட்டுப் பேசுகிறோம். தமிழிலேயே எழுதலாம், படிக்க ஆள் இருக்கிறோம்.