குருசடைத் தீவின் பவளத்தைப் போர்த்தும் அயல் பாசி

இராமநாதபுரத்தில் அயல் தாவரம் என்று பேச்செடுத்தாலே சீமைக்கருவேலம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அது கண்மாய்களை அடைத்த கதை ஊரறிந்தது. பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் பணியில் இருக்கும் எனக்கு அதைவிடக் கவலை தருவது, கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாமல் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், பரவிவரும் கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் பாசி.

பிலிப்பைன்ஸ் கடல்களுக்கு உரிய இந்தப் பாசியிலிருந்து, உணவுப் பொருள்களையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் கேரஜீனன் கிடைக்கிறது. 1990களில் மண்டபத்தில் ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட இது, 2000க்குப் பின் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், மூங்கில் மிதவைகளில் வணிகப் பயிராயிற்று. சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடுவதால், கடலடிப் பாறைகளில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியை மூழ்கி எடுத்துவந்த பெண்கள் பலருக்கு இது பாடு குறைந்த வருமானமாக அமைந்தது. அந்த வருமானம் நிற்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வளர்ப்பு எங்கே, எப்படி நடக்கிறது என்பதே என் கேள்வி. தமிழக அரசு 2005இல் இதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் என வரையறுத்தது. ஆனாலும் 2008இல், பாம்பனுக்கு அருகே தென்கடலில் உள்ள குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் இது படர்ந்திருப்பது ஆய்விதழில் பதிவாயிற்று.

இந்தப் பாசி பரவ வித்து தேவையில்லை. ஒடிந்த ஒரு துண்டே போதும். வாடைக்காற்றுக் காலத்தில் அலையடித்து மிதவையிலிருந்து அறுபடும் துண்டுகள், வடகடலிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே பாயும் நீரோட்டத்தோடு வந்து, மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்கிடையே சிக்கிக்கொள்கின்றன. அங்கிருந்தே வளர்ந்து, தடித்த விரிப்பாகப் பவளத்தை மூடிவிடுகின்றன. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு ஆக்கித்தரும் நுண்பாசிகளுக்கு ஒளி கிடைக்காமற் போக, மூடப்பட்ட பகுதி இறந்துவிடுகிறது. 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் வெளிறிப் பெரும் இழப்பைக் கண்ட பாறைகள் இவை என்பதால், இந்தக் கூடுதல் சுமையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

வனத்துறையினர் இதைக் கையால் அகற்றுகிறார்கள். கடினமான அந்த வேலையில், இடுக்கில் விரல்நுனி அளவு மிச்சமிருந்தாலும் மீண்டும் தழைத்துவிடுகிறது. ஆகவே அகற்றிய இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். 1974இல் இதே இனப் பாசிகள் கொண்டுவரப்பட்ட ஹவாயின் கனியோஹே விரிகுடாவில், பின்னாளில் படகில் பொருத்திய உறிஞ்சுகுழாயால் பாசியை எடுத்து, எஞ்சியதை மேய உள்ளூர்க் கடல்முள்ளெலிகளை வளர்த்து விட வேண்டியதாயிற்று.

வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. வளர்ப்பு இனியும் பெருகும். மிதவையின் அடியில் வலை கட்டுவதும், புயல் எச்சரிக்கை வந்ததும் மிதவைகளைக் கரையேற்றுவதும், அறுவடையில் உதிர்ந்ததைக் கடலில் தள்ளாமல் அலை எட்டாத மேட்டில் உலர்த்துவதும் வளர்ப்போர் கையில் உள்ளவை. தீவுகளை ஒட்டி மீன்பிடிப்போர் பாறைமேல் இதைக் கண்டால், பிய்த்தெறிய வேண்டாம். பிய்த்த ஒவ்வொரு துண்டும் வேறோர் இடத்தில் முளைக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வனப் பணியாளர்களிடம் அன்றே தெரிவியுங்கள்.