புழுவுக்குப் பலித்த மஞ்சளும் அப்பாவின் மாத்திரையும்

மூன்று மாதம் முன்பு தானாக நடந்து வந்த பெரியவரை, இந்த முறை மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பு கட்டை போல இறுகியிருந்தது. பார்க்கின்சன் நோய்க்காகக் கொடுத்திருந்த லெவோடோபா மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். பதிலுக்கு மஞ்சள் சத்து கேப்சூல். "ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சுட்டாங்களே டாக்டர்" என்று செல்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். படித்துப் பார்த்தேன். சோதனை நடந்தது புழுவில் என்பது அதன் கடைசிப் பத்தியில் இருந்தது.

அந்தப் புழுவின் பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல், இரண்டு மூன்று வார ஆயுள். மொத்தம் 302 நரம்பு செல்கள். அவற்றில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை எட்டே எட்டு. அந்த எட்டையும் ஒளிரச் செய்து, ஒரு நச்சைக் கொடுத்து, எத்தனை அணைந்துபோகின்றன என்று உயிரோடிருக்கும் புழுவிலேயே எண்ணலாம். பார்க்கின்சன் நோயில் மூளை செல்களில் திரளும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் புழுவிடம் கிடையாது. மனித மரபணுவைப் புகுத்தித்தான் அதன் தசையில் திரள வைக்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின், பச்சைத் தேயிலைச் சத்து, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் எல்லாம் இப்படிச் சோதிக்கப்பட்டவைதான். எதைத் தொடர்ந்து ஆராயலாம் என்று சலித்தெடுக்க இதைவிட விரைவான வழி குறைவு. அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டோபமின் குறைந்தால் மனிதர் மெதுவாகிவிடுகிறார். புழுவோ, இரையான பாக்டீரியா படலத்துக்குள் நுழைந்ததும் இயல்பாக வேகத்தைக் குறைக்க வேண்டியது, டோபமின் இல்லாவிட்டால் குறைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நம்மைப் போல ரத்த ஓட்டமோ கல்லீரலோ அதற்கு இல்லை. நாம் விழுங்கும் குர்குமினோ குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் கல்லீரல் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அதற்கப்புறம் மூளைக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்?

எலியில் நன்றாக வேலை செய்த கோஎன்சைம் க்யூ10 என்ற, செல்கள் ஆற்றல் தயாரிக்க உதவும் சத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் 600 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2014-இல் முடிவு வெளியானது. தசைக்கு ஆற்றல் தரும் கிரியேட்டின் என்ற சத்தை 1,741 பேரிடம் சோதித்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை.

இயற்கைப் பொருள் எதுவுமே உதவாது என்று சொல்ல வரவில்லை. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவையே 1913-இல் ஒரு வகை அவரை விதையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலும் அது நிறைய இருக்கிறது. லண்டனில் எட்டு நோயாளிகளிடம் அந்த விதைப் பொடியைச் சோதித்து, 2004-இல் வெளியிட்டார்கள். சீக்கிரமாகவே வேலை செய்தது.

அதனால்தான் எனக்குப் பயம். பூனைக்காலிப் பொடி சாப்பிடுபவர் சத்துப் பொடி சாப்பிடவில்லை, மருந்தே சாப்பிடுகிறார். விதையில் சுமார் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு லெவோடோபா என்றால், ஐந்து கிராம் பொடியில் 200 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். நாங்கள் எழுதும் மாத்திரையில் பெரும்பாலும் 100. மாத்திரையில் லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் தடுக்கச் சேர்த்திருக்கும் கார்பிடோபா என்ற மருந்து, பொடியில் உள்ள லெவோடோபாவையும் மூளைவரை கொண்டு சேர்த்துவிடும். வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், கை கால் தானாக நெளிவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். போதாக்குறைக்கு, கடைப் பொடிகளில் அளவு ஒன்றுபோல இருப்பதில்லை.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இதைவிட மோசம். கடும் இறுக்கம், அதிகக் காய்ச்சல், நினைவு தப்புதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் என்ன பொடி, என்ன லேகியம் சாப்பிட்டாலும் டப்பாவோடு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். அளவைச் சேர்த்துக் கணக்குப் போடத்தான் கேட்கிறேன்.

அந்தப் பெரியவருக்கு மாத்திரையைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தோம். கிளம்பும்போது மகள் தயங்கியபடி, "ராத்திரி பால்ல மஞ்சள் போட்டுக் கொடுக்கலாமா டாக்டர்?" என்றார். தாராளமாகக் கொடுங்கள், மாத்திரை நேரத்தை மட்டும் விட்டுத் தள்ளிக் கொடுங்கள், பாலில் உள்ள புரதம் மருந்து உள்ளே போவதைக் குறைக்கும் என்றேன்.