மல்டிபிடஸ்: நாரியோரத்துப் பலபிளவுத் தசை

நாரி (கீழ்முதுகு) நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரிப்போர்ட்டில் ‘மல்டிபிடஸ்’ என்றொரு சொல் வரக்கூடும். மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் வட்டைக்குள் குனிந்து நிமிர்ந்து உழைக்கிறவருக்கு அது ஏதோ புது வருத்தத்தின் பெயராகத்தான் படும். வருத்தமல்ல, எல்லோர் முதுகிலும் உள்ள தசை.

சொல் லத்தீன். ‘மல்டுஸ்’ என்றால் பல, ‘ஃபின்டெரே’ என்றால் பிளத்தல். ஆசனவாய் வெடிப்பை ‘ஃபிஷர்’ என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். முள்ளந்தண்டின் இரு புறமும் கீழிருந்து கழுத்துவரை ஏறும் இத்தசை ஒரே பட்டையாக இராது. சிறு கற்றைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு முள்ளெலும்புகளைத் தாண்டி மேலுள்ளதன் முள்ளில் போய்ப் பற்றும். நாரியில்தான் மிகத் தடிப்பு. ஆகவே ‘பலபிளவுத் தசை’ என்பது பொருந்தும். ‘பல்பிளவு’ என்று சுருக்கினால் வாயிலுள்ள பல் நினைவுக்கு வந்துவிடும், அதனால் ‘பல’ அப்படியே நிற்கட்டும்.

இத்தசையை ஊசி குத்தாமல், வெட்டாமல் பார்க்க இரண்டு வழிகள் முக்கியம். எம்.ஆர்.ஐ.யில் டீ1 என்கிற படவகையில் தசை கருஞ்சாம்பலாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் விழும். மெலிந்த தசைக்குள் கொழுப்பேறினால், கொழுப்பு வரியோடிய மாட்டிறைச்சித் துண்டு போலத் தெரியும். 1984இல் டிக்சன் என்ற ஆய்வாளர் சொன்ன முறை நீரையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும். அதை வளர்த்தெடுத்த இன்றைய முறைகளால் கொழுப்பின் வீதத்தையே கணக்கிடலாம். மற்றது, கர்ப்பிணிகளுக்குச் செய்கிற அதே அல்ட்ராசவுண்ட். குப்புறப் படுக்கவைத்து, மறுபக்கக் கையைச் சற்றே தூக்கச் சொன்னால் தசை தடிப்பதைத் திரையில் அப்போதே காணலாம்.

அவுஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1994இல் இந்தக் கருவியால்தான், திடீரென நாரி பிடித்தவர்களுக்கு நோகிற பக்கத்துத் தசை சிறுத்திருப்பதைக் கண்டார்கள். 1996இல் வெளியிட்டது இன்னும் பெரிய விடயம்: நோவு மாறிய பின்னும் தசை தானாகத் தேறவில்லை, குறிப்பிட்ட பயிற்சி செய்தவர்களுக்கே தேறியது. நோவு விட்டதும் மூட்டை தூக்கப் போகிற நம் ஆட்கள் இதைக் கட்டாயம் அறியவேண்டும்.

ரிப்போர்ட்டில் அடுத்து வரக்கூடிய ‘ஃபேட்டி இன்ஃபில்ட்ரேஷன்’ என்ற தொடரைக் ‘கொழுப்பு ஊடுருவல்’ என்று பெயர்க்கிறார்கள். வாசிக்கிறவர் பயந்துபோவார். ‘கொழுப்புப் படிதல்’ போதும். வயதேற நோவில்லாதவருக்கும் அது படியும், படத்தை மட்டும் வைத்து நோவின் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. தமிழில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்: “நாரிப் பகுதியில் இரு பக்கப் பலபிளவுத் தசையிலும் சிறிதளவு கொழுப்புப் படிந்துள்ளது.”