இருள மொழியில் படம் எடுக்க வருவோருக்கு ஓர் ஒலிப்பதிவாளரின் குறிப்பு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பாடகி நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022இல் அறிவிக்கப்பட்டதும், பழங்குடியினரே நடித்து பிரியநந்தனன் இயக்கிய இருள மொழிப் படமான ‘தபாரி குருவி’ அதே ஆண்டு கோவா திரைப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கான ‘இந்தியன் பனோரமா’ பிரிவுக்குத் தேர்வானதும், இம்மலையின் பக்கம் பல கேமராக்களைத் திருப்பியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பாலக்காட்டு எல்லையில் ஒலிப்பதிவுத் தொழில் செய்பவன் என்ற முறையில், படம் வெளிவந்துவிட்டாலே பண்பாடு மீண்டுவிடும் என்று நான் நம்பவில்லை.

இருள மொழிக்குத் தனி எழுத்து இல்லை. வசனத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிக் கொடுக்கிறார்கள். அம்மொழியில் உள்ள நடு உயிரொலிகளை (நாவின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகளை) முழுமையாகக் காட்ட இவ்விரண்டிலும் குறியில்லாததால், நடிப்பவர் தாளைப் பார்த்த மாத்திரத்தில் உச்சரிப்பு தமிழ், மலையாளத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதித் தமிழர்களான நமக்கு அம்மொழி பாதி புரியும். அந்தத் துணிச்சலில் அவர்கள் பேச்சையே திருத்தவும் செய்கிறோம். காட்சியின் சூழலை மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை அவர்களிடமே விட்டு, அந்த இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்வதே முறை. பின்னர் நகரத்து டப்பிங் கூடத்தில் வேறொருவர் குரல் சேர்ப்பதாயின், அதை இருள மொழிப் படம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உரிய வேளை உண்டு. சாவுச் சடங்கின் இசையைக் காட்சி அழகுக்காகத் திருமணத்தில் ஒலிக்கவிட்டால், அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் பிழையையே மரபாகக் கற்றுக்கொள்வார்கள். எதைப் படமாக்கலாம் என்பதை மூப்பன், பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் ஆகிய ஊர்ப் பொறுப்பாளர்களிடமும் பாடும் முதியவர்களிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ஊரே இசைந்ததாக ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது, வெட்டி எறியப்படும் பதிவுகளைப் பற்றித்தான். ஒரு பாட்டி ஒரு மணி நேரம் சொன்ன கதையில் படத்துக்கு இரண்டு நிமிடம் போதும். பேத்திக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டும். படக்குழுவின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் அது யாருக்கும் இல்லாமல் போகும். எனவே சம்பளம் பேசும்போதே, தொகுக்கப்படாத ஒலி முழுவதையும் கைபேசியில் கேட்கத்தக்க கோப்புகளாக, பாடியவர், ஊர், பாடும் வேளை ஆகிய விவரங்களோடு ஊருக்குக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எதைப் பிறர் கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமையும் ஊருக்கே என்று அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.